சின்னத் தப்புதானே... சொல்லணுமா?



இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். ஆப்செட் பிரஸ்ஸோ, பட்டாசு ஆலையோ, மில்லோ, எங்கே போனாலும் முதல் மாதத்தில் ஒரு தப்பாவது நடக்கும். தப்பு செய்யாத புது ஆள் இன்னும் பிறக்கவில்லை! கேள்வி அதுவல்ல. யாரும் பார்க்காத ஒரு சின்னத் தப்பை நாமாகப் போய்ச் சொல்லணுமா, கமுக்கமாக இருந்துவிடலாமா?

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷினுக்கு உதவியாக நின்றேன். மாதக் காலண்டர் வேலை. ஐந்தாம் நாள் காலை, ஆகஸ்ட் மாதத் தாளுக்கு அளவு வைக்கும்போது 2 மி.மீ. குறைத்து வைத்துவிட்டேன். வெட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன். மற்ற பதினொரு மாதத் தாள்களும் அப்போது வெட்டாமல்தான் கிடந்தன. "அட, 2 மி.மீ. தானே! யாருக்குத் தெரியப்போகுது?" என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மற்றதைச் சரியான அளவில் வெட்ட விட்டுவிட்டேன்.

மதியம், தகரம் அடிக்கும் இடத்தில் ஒரே சத்தம். காலண்டரின் அடிப்பக்கம் ஒரு தாள் மட்டும் உள்ளே போயிருந்தது. "தாளை ஒழுங்கா தட்டி அடுக்கத் தெரியாதா?" என்று அங்கிருந்த அக்காவுக்குத் திட்டு. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர். மறுபடி மறுபடி அடுக்கிப் பார்க்கிறார், சரியாக வரவில்லை. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மிஷின்மேன் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "காலையிலயே சொல்லியிருந்தா, மத்த மாசத்தையும் அதே அளவுக்கு வெட்டியிருப்பேன் தம்பி. ஒரு தாள் வீணாகியிருக்காது" என்றார். இப்போதோ அடித்த தகரத்தை எல்லாம் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது கிழிந்த தாள்கள் நஷ்டம். அந்த அக்காவுக்கு அரை நாள் கூலி போச்சு. நான் மன்னிப்புக் கேட்டபோது, "இனிமே உடனே சொல்லிரு தம்பி" என்று மட்டும் சொன்னார். வேறு எதையாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

எது சின்னது?

தப்பு சின்னதா பெரியதா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு புது ஆளிடம் கிடையாது. அந்த வேலை அடுத்த கையில் என்னவாகிறது என்பது அவனுக்குத் தெரியாது. நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

பட்டாசு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கலவையில் கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டது. துடைத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். ஆனால் அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே வேதிவினை நடந்து சூடு ஏறும். சூடு வெளியேற வழியில்லாமல் போனால் தானாகவே தீப்பிடிக்கும். அந்த வினையை அடக்கத்தான் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அதேபோல, குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளுக்கு மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது. சின்ன உராய்வுக்கே வெடிக்கும் கலவை அது. குளோரேட் அள்ளிய கரண்டியைக் கந்தகத்தில் வைத்தவன் அதைச் சொல்லாமல் விட்டால், விளைவு பக்கத்து அறையில் இருப்பவர் தலையில்தான் விழும்.

அனுபவசாலிகளுக்கே இந்தக் கணக்கு தப்பியிருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பியது. திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். கவுண்ட்டவுன் நேரத்தில், இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிவது தெரிந்தது. பெரிய விஷயமில்லை என்று மதிப்பிட்டு ஏவினார்கள். சில நிமிடங்களில் ராக்கெட் கடலில் விழுந்தது. பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, அந்தக் கசிவைச் சாதாரணமாக நினைத்தது தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார். அவர் வேலை போகவில்லை. 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி-3, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

எப்படிச் சொல்வது?

எல்லாவற்றுக்கும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். தப்பாக அளவு வைத்து, வெட்டும் முன்பே நீங்களே சரிசெய்துவிட்டால் முடிந்தது. ஆனால் வேலை அடுத்த கைக்குப் போகிறது என்றால் சொல்லியே ஆக வேண்டும். மருந்து அறையில் மட்டும் இந்த விலக்குகூடக் கிடையாது.

நேர் மேலே இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு பாதித்தது, இப்போது எதை நிறுத்தணும் என்று மூன்று வாக்கியம் போதும். "லைட் சரியில்லை, தூக்கம் இல்லை" என்ற கதையெல்லாம் அப்புறம்.

வெர்னியரில் ஜீரோ எரர் இருப்பது குற்றமில்லை. குறித்து வைத்தால் கழித்துக்கொள்ளலாம். குறிக்காமல் விட்டால் எடுக்கிற அளவு அத்தனையும் தப்பு!

நாளை நாமே போர்மேன் ஆனால்...

சொன்னவனுக்குத் திட்டு விழுகிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? 1979 தோல்வி அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு வருடம் வெற்றி பெற்றபோது கலாமைப் பேச அனுப்பினார்.

நம்ம ஊருக்கே இப்படி ஒரு கதை உண்டு. சிலப்பதிகாரத்தில், திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்பவனைப் பாண்டியனின் காவலர்கள் திருடன் என்று தவறாகச் சிறையில் அடைக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் அரசன், 'காவலர்கள் செய்தது' என்று கைகழுவவில்லை. வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தான்.

அரசனே சொன்னான். நமக்கென்ன வெட்கம், நண்பர்களே?