ஈர மண்ணுக்கு ஏற்ற வசம்பு



குளியல் தண்ணீர் ஓடி எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் ஒரு மூலை நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். ஜாசின் பக்கத்துத் தோட்ட வீடானாலும் சரி, தாமானில் வாங்கிய வீடானாலும் சரி. அங்கே மிளகாய் நட்டால் வேர் அழுகிப்போகும். வசம்போ அந்த இடத்தைத்தான் விரும்பும்.

கடையில் விற்கும் காய்ந்த கிழங்கு நமக்குத் தெரியும். பெயரைச் சொல்லக் கூசி, ‘பேர் சொல்லாதது’ என்றே பாட்டிமார் கேட்டு வாங்குவார்கள். செடியைக் கண்டவர்கள் குறைவு. பார்வைக்கு அது நீண்ட புல். வாள் போன்ற இலைகள் இரண்டு மூன்று அடி உயரம் வளரும். இலையைக் கசக்கினால் மணக்கும். கோரையிலிருந்து பிரித்தறிய அதுவே வழி. பூவில் அழகில்லை, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கதிர், அவ்வளவுதான்.

காய்ந்த கிழங்கு முளைக்காது. வளரும் செடியிலிருந்து முளையுள்ள துண்டாக வாங்குங்கள். மலாய்க்காரர்கள் இதை ஜெராங்காவ் என்பார்கள். கம்பத்தில் கேட்டுப் பார்க்கலாம். துண்டைப் படுக்கை வசமாக, முளை வெளியே தெரியும்படி ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். மண் காய்ந்தால் இலை நுனி கருகும். ஆனால் சேறு போதும், தண்ணீர் தேங்க வேண்டாம். தேங்கினால் கொசு முட்டையிடும். குளோரோக்ஸ் கலந்த தண்ணீரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி முக்கியமான செய்தி. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று இதைச் சுட்டு உரைத்துக் கைக்குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். வசம்பு எண்ணெயைத் தின்ற எலிகளுக்குக் குடலில் கட்டிகள் தோன்றியதால், அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டிலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். ஆசரோன் என்னும் பொருளே அதற்குக் காரணம். சுடுவதால் அது முழுவதும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் போதும் என்பதே மருத்துவர்கள் சொல்வது. வயிறு உப்பி அழுதால் கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். கையில் கட்டும் வசம்பையும் குழந்தை வாயில் வைக்கும், கவனம். பாட்டி கோபித்துக்கொள்வார், பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் கிழங்கு எதற்கு? தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்கும் பொடியில் வசம்பும் சேர்கிறது. நீங்களும் ஓராண்டு கழித்துக் கிழங்கைத் தோண்டிக் காயவைத்து, துணியில் முடிந்து புடவைப் பெட்டியிலும் புத்தக அலமாரியிலும் போடலாம். தோண்டும்போது முளையுள்ள துண்டுகளை அங்கேயே திரும்ப நட்டுவிடுங்கள்.