தென்பெண்ணை கடல் சேரும் ஊரில் ஒரு நாள்

தீர்த்தமலைக்காரர்களுக்குக் கடல் என்றால் சென்னைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அனுமன்தீர்த்தத்தில் நாம் முழுகி எழுந்து மலையேறுகிறோமே, அந்தத் தென்பெண்ணை போய்ச் சேருவது கடலூரில். முந்திரிக்காகப் பண்ருட்டி வரை எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடலூரை நின்று பார்த்ததில்லை. மாசித் தேர் முடிந்து கடையில் கூட்டம் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனரும் நானும் விடியுமுன்னே புறப்பட்டோம். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி என்று வழி. பாதி வழியில் ஆறு கூடவே வருகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டு நேரே தேவனாம்பட்டினம் சென்றோம். கடற்கரையை வெள்ளிக் கடற்கரை என்கிறார்கள். அருகிலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர்கள். நம்மைப் போன்ற வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கிரயம் ஒன்று இங்கே நடந்தது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லை என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை! பீரங்கியும் வாங்குபவருடையது, சுட்டவரும் அவருடைய ஆள். தராசும் படிக்கல்லும் வாங்குபவரே கொண்டுவந்தால் விற்பவன் கதி என்ன ஆகும்? அந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். அவ்வளவு பெரிய கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார்.

அந்தப் பெயரை இன்றும் சுமக்கும் ஊர் குண்டு உப்பலவாடி. அதைத் தாண்டித் தாழங்குடாவில் நம் ஆறு கடலோடு கலக்கிறது. கரையில் நின்றபோது மைத்துனர் செருப்பைக் கழற்றிவிட்டார். நானும் கழற்றினேன்.

திரும்பும் வழியில் சோடா குடிக்க ஒரு மளிகைக் கடையில் நின்றோம். எந்த ஊர் என்று கேட்டார் கடைக்காரப் பெரியவர். தீர்த்தமலை என்றதும், "ஓ, மேல இருந்து தண்ணி அனுப்புனவங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. நாம் மேலே சாக்கை நகர்த்திக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் கீழே ஆளையே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் பெரியவர் கையால் தொட்டுக் காட்டினார், அவர் மார்பளவு. அடுக்கில் கீழ் இரண்டு வரிசை அரிசி மூட்டையும் போயிற்றாம். "இன்ஷூரன்ஸ்?" என்றேன். "கடைக்கு எவன் தம்பி போடுறான்?" என்றார். 2021 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது, சிறு கடைகளின் சரக்குக்கு வெள்ளச் சேதமும் அதில் அடங்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் கடைக்கும் போடவில்லை என்பது உறைத்தது.

மதியம் முதுநகரில் மீன் சாப்பாடு. காரம் நம் பக்கத்தைவிட ஒரு படி கூடுதல்.

மாலையில் போனது வண்டிப்பாளையம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் இதை ஒட்டித்தான் உள்ளது. ஊர் இப்போது கொலு பொம்மைக்குப் பேர் போனது. தெருவில் நுழைந்ததுமே ஈர மண் வாசனை. களிமண்ணைப் பிசைந்து, அச்சின் இரண்டு பாதியிலும் தனித்தனியே அழுத்தி, சேர்த்து ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் வேகவைத்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்த பிறகே வர்ணம். கண் திறப்பதைக் கடைசியில் கைதேர்ந்த ஒருவர்தான் செய்கிறார். நாங்கள் பார்த்த வீட்டில் அது ஒரு அம்மாள். தசாவதாரம், கல்யாண ஊர்வலம் என்று வரிசையாக இருக்க, என் கண் போனது செட்டியார் பொம்மையிடம். அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் நம் இனத்தவர் இல்லாமல் கொலு ஏது!

ஆவணியில்தான் நான் பொம்மைக்கு ஆர்டர் சொல்வது வழக்கம், அதுவும் நடுவில் ஒரு மொத்த வியாபாரி மூலம். அந்த அம்மாளிடம் சொன்னேன். தூரிகையை வைக்காமலே பேசினார்: "ஆவணியில சொன்னா காயவைக்க வெயில் எங்க அண்ணே இருக்கு? மழைக்காத்துல அவசரமா சூளையில வச்சா வெடிச்சிடும். பத்துக்கு ரெண்டு போனா அது எங்க கணக்கு. இப்பச் சொல்லி கொஞ்சம் முன்பணம் குடுத்தீங்கன்னா வட்டிக்கு வாங்காம மண்ணு எறக்கிடுவோம்."

நம் பக்கம் கடனுக்குச் சரக்கு கேட்டே பழகியவன் நான். கல், மரம், சலவைக்கல்லில் செய்த தெய்வச் சிலைகளுக்கு 2018-ல் ஜி.எஸ்.டி. விலக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். மண்ணை இறக்க ஒரு வீட்டில் வட்டிக்கு வாங்குகிறார்கள் என்பது தெரியாது. மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். இருபது செட்டுக்கு அங்கேயே முன்பணம் கொடுத்தேன். ரசீதுக்குப் பதிலாகக் காலண்டர் தாளைக் கிழித்து எழுதித் தந்தார்கள். ஆடிக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரிக்கு வாங்கிய செட்டியாரை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற வாடிக்கையாளர்கள் இப்போதே விலை கேட்கிறார்கள்.