வெடிச் சத்தமும் வீட்டு நாயும்



மனுஷன் உடம்பைப் பற்றி எழுதுகிற பகுதியில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பெருநாள் இரவில் வெடிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும் நாயை, விவரம் தெரியாத பிள்ளை கட்டிப் பிடிக்கப் போகும். வருஷமெல்லாம் வாலாட்டிய நாய் அந்த ஒரு நிமிஷத்தில் கடித்துவிடும். நாயின் பயத்தைத் தணித்தால் நாயும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும்.

தோட்டத்து மக்களுக்கு நாய் என்றால் காவல். விடியுமுன்னே பெரட்டுக்குப் போனவர்களுக்கு வீட்டைப் பார்த்துக்கொண்டது அதுதான். செமோர் வட்டாரத்தில் பால்மரக் காடுகள் அழிந்து, பலர் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். நாயும் கூடவே வந்துவிட்டது. ஆனால் லயத்தில் வெடித்த வெடிச் சத்தம் காட்டுப் பக்கம் போய்க் கரையும். தாமானில் சுவருக்குச் சுவர் மோதி வீட்டுக்குள்ளேயே இடிக்கும். நம்ம ஊரில் அது தீபாவளியோடு முடிவதும் இல்லை. ஆங்கில வருஷப் பிறப்பு, சீனப் புத்தாண்டு, ஹரிராயா என்று வந்துகொண்டே இருக்கும். சீனப் புத்தாண்டில் முதல் நாள் மட்டுமல்ல, ஒன்பதாம் நாளுக்கு முந்திய நள்ளிரவிலும் பதினைந்தாம் நாளிலும் சத்தம் உண்டு. காலண்டரைப் பார்த்து முன்கூட்டியே தயாராவது நல்லது.

நாய் ஏன் பயப்படுகிறது?

மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். நாய் சுமார் 45,000 வரை கேட்கும். வாணம் சீறிக்கொண்டு மேலே போகும்போது நம் காதில் விழாத கீச்சொலியும் அதன் காதில் விழும். அதோடு, வெடி எங்கே வெடிக்கும், எப்போது வெடிக்கும் என்று அதற்குத் தெரியாது. நமக்குப் பண்டிகை என்று தெரியும். அதற்கு யார் சொல்வது? உயிருக்கு ஆபத்து என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது, ஓடு அல்லது கடி என்று உடம்பு தயாராகிறது. நமக்குத் திடீர்ப் பயம் வந்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே "திமிர் பிடித்த நாய்" என்று அடிப்பதில் அர்த்தமே இல்லை. அடித்தால் பயம் இரட்டிப்பாகும்.

பயத்தின் அறிகுறிகள்

நடுக்கம், வெயில் இல்லாமலே இரைப்பு, எச்சில் ஒழுகுதல், வாலைக் காலுக்குள் ஒடுக்குதல், காதைப் பின்னுக்கு மடித்தல், தூக்கம் இல்லாமலே கொட்டாவி, உதட்டை அடிக்கடி நக்குதல், கட்டிலுக்கு அடியில் புகுதல், வீட்டுக்குள் சிறுநீர் விடுதல். இவற்றில் இரண்டு மூன்றைக் கண்டாலே பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

1. அன்றைக்குப் பொழுது சாயுமுன்னே நாயை நடக்க விட்டு, மலஜலம் கழிக்க வைத்து, சோறு போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு வெளியே விடாதீர்கள்.

2. வீட்டுக்குள் ஓர் இடம் ஒதுக்குங்கள். குசினி மூலை, உள் அறை, மேசைக்கு அடியில் எதுவானாலும் சரி. பழைய கைலி, சாக்கு ஒன்றை விரித்துத் தண்ணீர் வையுங்கள். ஜன்னலை மூடி, ரேடியோவையோ காற்றாடியையோ போட்டுவிட்டால் வெளிச் சத்தம் கொஞ்சம் மழுங்கும். பெருநாளுக்குச் சில நாள் முன்பிருந்தே அங்கே படுக்கப் பழக்குங்கள்.

3. வாசலில் சங்கிலியால் கட்டிப்போடாதீர்கள். பயத்தில் துள்ளிக் கழுத்து இறுகிச் சாகக்கூடும். வேலிக் கம்பியில் குத்திக்கொள்ளவும் கூடும்.

4. வீட்டில் யாராவது ஒருவர் கூட இருங்கள். "தடவிக் கொடுத்தால் பயம் வளரும்" என்று சிலர் சொல்வது சரியல்ல. அதுவாகப் பக்கத்தில் வந்தால் மெதுவாகத் தடவி, வழக்கமான குரலில் பேசுங்கள். ஒளிந்துகொண்டால் ஒளியட்டும், கையை விட்டு இழுக்காதீர்கள்.

5. பக்கத்து வீட்டாரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் வெடிப்பதென்றால் தள்ளிப்போய்த் திடலில் வெடிக்கட்டும். நாய் மேல் வெடியை வீசி வேடிக்கை பார்க்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் கண்டிக்க வேண்டும்.

6. பலகாரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். கேசரி, பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டும் வெங்காயமும் விஷமே. வெந்த கோழி எலும்பு சிம்பாய் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

7. நாம் சாப்பிடும் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. பனடால்கூட நாயின் ஈரலைக் கெடுக்கும். பயம் மிகவும் அதிகமான நாயென்றால், பெருநாளுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பயத்தைக் குறைக்க மருந்து உண்டு. உடலை மட்டும் அசையாமல் செய்து பயத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்தும் உண்டு. எது ஏற்றது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

குட்டி நாயானால் இப்போதே பழக்கலாம். கைப்பேசியில் வெடிச் சத்தத்தை மிகச் சின்னதாகப் போட்டு, அதே நேரத்தில் பிடித்த தின்பண்டம் கொடுங்கள். பயப்படாமல் தின்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். பயந்தால் உடனே குறையுங்கள். இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

ஓடிப் போனால்?

மிரண்ட நாய் திசை தெரியாமல் ஓடும். செமோரில் ரயில் பாதையும் உண்டு, லாரிகள் ஓடும் பெருஞ்சாலையும் உண்டு. கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் திரியும் நாயைத் தெரு நாய் என்று பிடித்துப் போவார்கள். காணாமல் போனால் விடிந்ததும் தேடுங்கள். பெரும்பாலும் கால்வாய், புதர், காலி வீடு என்று எங்காவது ஒளிந்திருக்கும். விரட்டாமல், உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால்?

நம் வீட்டு நாய்தானே என்று சும்மா இருக்காதீர்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வைக்காதீர்கள். கழுவியதும் நேரே கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். வெறிநாய்க்கடி நோய் மலேசியாவில் இல்லாமல் இருந்தது. ஆனால் 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-ல் சரவாக்கிலும் மறுபடி தலைகாட்டியது. அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை; அதற்கு முன்னே தடுப்பூசி போட்டால் காப்பாற்றலாம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வெடியே இல்லாமல் பண்டிகையா என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று ஊர் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தச் சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. எங்கிருந்தோ வந்து போகும் பறவைக்காக ஓர் ஊரே இதைச் செய்கிறது. வருஷம் முழுக்க நம் வாசலைக் காத்த நாய்க்கு நாம் கேட்பது ஓர் உள் அறை, ஒரு பழைய கைலி, பக்கத்தில் ஓர் ஆள். இந்தப் பெருநாளுக்கே செய்து பாருங்கள்.