நோயாளியின் சினமும் செவிலியர் கடமையும்

நோய் தீர்வதற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நான்கும் வேண்டும் என்பது திருவள்ளுவர் கருத்து. மருத்துவர் சிறிது நேரமே நோயாளியின் அருகில் இருப்பார். செவிலியரோ அல்லும் பகலும் உடனிருப்பர். ஆதலின் நோயாளியின் நன்றியும் சினமும் முதலில் சென்று சேர்வது அவர்களிடமே.

செவிலியர் தொண்டு காஞ்சி வட்டாரத்திற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, அங்கு நடைபெற்றதை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோருடன், மருந்து காய்ச்சி நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவரும் அதில் குறிக்கப்பட்டுள்ளனர்.

இன்று காஞ்சிபுரத்தில் அரசு மருத்துவமனையும், அருகே காரப்பேட்டையில் பேரறிஞர் அண்ணா பெயரால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. இத்தகைய இடங்களுக்கு வரும் நோயாளருள் சிலர் மருந்தை மறுப்பர். சிலர் கடுஞ்சொல் கூறுவர். சிலர் படுக்கையை விட்டு எழுந்து ஓடவும் முயல்வர். இதனைத் தீய குணம் என்று முடிவு செய்தல் பிழை. வலி, அச்சம், பசி, உறக்கமின்மை, வருவாய் இழப்பு ஆகியவையே பெரும்பாலும் சினத்தின் வேர்கள். பட்டு நெசவாளர் ஒருவர் பல நாள் படுத்த படுக்கையானால், தறியில் பாதி நெய்த சேலை நிற்கும், கூலியும் நிற்கும். அவர் மருந்தைத் தள்ளிவிடும்போது, அவருடைய உள்ளத்தில் நிற்பது குடும்பத்தின் கவலையே.

ஆகவே, தேர்ந்த செவிலியர் முதலில் காரணத்தை ஆராய்வர். தாழ்ந்த குரலில், பெயரும் மரியாதையும் சேர்த்து அழைப்பர். நோயாளி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்பர். செய்யவிருக்கும் சிகிச்சையை எளிய சொற்களில் விளக்குவர். “மருந்தை இப்போது உண்கிறீர்களா, கஞ்சி குடித்தபின் உண்கிறீர்களா?” என்று, மருத்துவ முறை இடங்கொடுக்கும் அளவில், தெரிவு செய்யும் உரிமையை அளிப்பர். தன் கருத்துக்கும் மதிப்புண்டு என்று உணர்ந்த நோயாளி பெரும்பாலும் இணங்கிவிடுவார்.

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரெனப் பிதற்றினால், அது சினமன்று, நோயின் குறியாகும். கடுங்காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை குறைதல், மூச்சுக்காற்றின் குறைவு, குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை அறிவை மயக்கும். அந்நிலையில் வாதாடுவதால் பயனில்லை. மருத்துவரை உடனே அழைத்தலே கடமை.

பொறுமை என்பது அடியைத் தாங்கிக்கொள்வதன்று. நோயாளி கை ஓங்கும் நிலையில் செவிலியர் தனித்து நிற்றல் கூடாது. சற்று விலகி, வாயிலை அடையும் வழியை மறைக்காமல் நின்று, துணைக்கு ஆளை அழைத்தல் வேண்டும். நிகழ்ந்ததை ஏட்டில் எழுதி வைத்தலும் வேண்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

கடமை செவிலியர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் உறவினர் கூட்டமாகக் கூடிக் கூச்சலிடாமல், அவருடைய பழக்கங்களையும் அச்சங்களையும் செவிலியரிடம் எடுத்துரைத்தால் அவர்களின் பணி எளிதாகும். சிக்கிய பட்டு இழையை நெசவாளர் வெடுக்கென இழுப்பதில்லை. முனையைத் தேடி மெல்ல விடுவிக்கின்றார். துன்புற்ற உள்ளத்தையும் அவ்வாறே அணுகுதல் வேண்டும்.