'வேலை உறுதி' என்று கட்டணம் வாங்கியவர்களிடம் சட்டப்படி கேட்பது எப்படி?

'நூறு விழுக்காடு வேலை உறுதி' என்னும் விளம்பரத்தை நம்பிக் கடன்பட்டுக் கட்டணம் செலுத்திய மாணவர், வேலை கிடைக்காமல் நியாயம் கேட்கச் சென்றால், பயிற்சி நிறுவனம் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டும். அதில் 'வேலைவாய்ப்புக்கு உதவி' என்றே அச்சிட்டிருக்கும்.

அத்துடன் உரிமை முடிந்துவிடுவதில்லை. நிறைவேற நியாயமான வாய்ப்பில்லாத உத்தரவாதத்தைப் பொதுமக்களுக்கு அளிப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே துண்டறிக்கை, வாட்ஸ்அப் செய்தி, ரசீது எதையும் அழித்துவிடக் கூடாது.

'கல்வி சேவையன்று' என நிறுவனம் வாதிடும். 2020இல் மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் கல்வி நிறுவனங்களுக்கு விலக்களித்தது. பயிற்சி மையங்களுக்கு அளிக்கவில்லை. அரசு ஏற்கும் பட்டமோ பட்டயமோ வழங்காத நிறுவனத்துக்கு எதிரான நம் வாதம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

பலரும் முதலில் காவல் நிலையத்துக்கே செல்கின்றனர். பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின்கீழ் மோசடியை மெய்ப்பிக்க, ஏமாற்றும் நோக்கம் தொடக்கத்திலேயே இருந்ததைக் காட்டியாக வேண்டும், அது கடினம். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையமே ஏற்றது. வசிக்கும் மாவட்டத்திலேயே, ஈராண்டுக்குள் முறையிடலாம். நிறுவனத்துக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை மனுக் கட்டணம் இல்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்க வேண்டும்.