உறங்குகிறவர் அருகே விழித்திருப்பவர்



ஆதாமை ஆழ்ந்து உறங்கச் செய்த பிறகே தேவன் அவனுடைய விலாவைத் திறந்தார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். நம்முடைய ஆபரேஷன் தியேட்டரிலும் பெரிய ஆபரேஷன்கள் அப்படியே நடக்கின்றன. மயக்க மருந்தைத் தீர்மானித்துக் கொடுப்பவர் அதற்கான டாக்டர். அவருக்கு அருகில் நிற்கும் உதவியாளரைப் பற்றி நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள்.

முதல் நோயாளி வருமுன்னே அவர் வந்து, மயக்க மருந்து இயந்திரத்தையும் சளி உறிஞ்சும் கருவியையும் மூச்சுக்குழாயில் செலுத்தும் டியூபுகளையும் சரிபார்க்கிறார். வெள்ளைத் தோளுள்ள கறுப்பு சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன்; நீல சிலிண்டரில் நைட்ரஸ் ஆக்சைடு. இணைப்பு மாறினால் சில நிமிடங்களில் மூளை பழுதாகிவிடும். உறங்குகிற நோயாளியால் மூச்சு முட்டுகிறது என்று சொல்ல முடியாது.

இவ்வளவு பொறுப்பான வேலைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் நெடுங்காலமாக இல்லை. 2021-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மயக்க மருந்து உதவியாளரும் அதன் அட்டவணையில் இருக்கிறார். 2 முதல் 4 ஆண்டுகளில், 2000 மணி நேரத்துக்குக் குறையாமல் கற்றுப் பெற்ற டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும். தகுதியுள்ளவர்களைப் பதிவு செய்ய ஒவ்வொரு மாநிலத்திலும் கவுன்சில் அமைய வேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது.

மிஷன் ஆஸ்பத்திரிகளில் பலர் இந்த வேலையைக் கைப்பழக்கத்தால் கற்றவர்கள். நம்மிடமும் அப்படி ஒரு மூத்த சகோதரர் உண்டு. இளம் டாக்டர்கள் பலர் அவரிடம் இயந்திரத்தைப் பழகியிருக்கிறார்கள். ஆனால் அவர் கையில் சான்றிதழ் இல்லை. அவரைத் தள்ளிவிடுவது நன்றியல்ல. அவரைக் காரணம் காட்டிச் சட்டத்தைத் தட்டிக்கழிப்பதும் உண்மையல்ல. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பதிவு எண் இருக்கிறது. ஏழை நோயாளியின் மூச்சைக் காக்கிறவருக்கும் அது இருப்பதே நியாயம் என்று எண்ணுகிறோம்.

ஆகவே, தியேட்டரில் பணிபுரியும் நம் வாலிபர்களை இதற்கான படிப்புக்கு அனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். மூத்த சகோதரர் உபகரணங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் தொடருவார். தம்முடைய இடத்துக்குப் படித்த பிள்ளைகள் வரட்டும் என்று முதலில் சொன்னவரும் அவரே.

இவ்வாண்டு நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இவர்களுடைய படிப்புக் கட்டணத்துக்குச் செல்லும். இவர்களுக்காக உங்கள் குடும்ப ஜெபத்திலும் சபை ஜெபத்திலும் மன்றாடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்