போக ஆறு மணி, வர ஒரு மணி

2024 டிசம்பர் 21 முதல் இண்டிகோ சென்னைக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் இடையே நேரடி விமானம் விடுகிறது. அதன் பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழும். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், பினாங்குக்குப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். சென்னைக்குத் திரும்ப ஒரு மணி சொச்சம். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் இடையே இரு திசையிலும் அதே 2,365 கி.மீ.தான்.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். சென்னையின் தரை மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஆனால் காற்றும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. அப்படிச் சுழலாவிட்டால், பினாங்குக்குக் கிளம்பிய விமானம் அரபிக்கடல் பக்கம் பின்தங்கியிருக்கும்!

விஷயம் கடிகாரத்தில் இருக்கிறது. சூரியன் சென்னை உச்சிக்கு வருவதற்கு 80 நிமிடம் முன்பே பினாங்கின் உச்சியைக் கடந்துவிடுகிறது. 20 பாகை தீர்க்கரேகை வேறுபாட்டுக்கு அதுதான் கணக்கு. ஆனால் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடைவெளி 150 நிமிடம். மிச்சம் 70 நிமிடம் இயற்கை தந்ததல்ல, அரசாங்கங்கள் வைத்தது.

பிள்ளைகள் பள்ளிக்குத் தாமதமாகக் கூடாதென்று சில வீடுகளில் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைப்பார்கள். தீபகற்ப மலேசியா முழுவதும் அப்படியொரு வீடு. நம் வீட்டிலாவது அப்பா அந்தப் பத்து நிமிடத்தை மனத்துக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகக் காப்பி குடிப்பார். பினாங்கில் கழிக்க வழியில்லை. வங்கியும் பேருந்தும் தைப்பூச ரதமும் அதே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன. அங்கே உச்சிவெயில் சராசரியாகப் பிற்பகல் 1:19க்கு. பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே கிளம்புகிறார்கள்.

அந்தக் கடிகாரத்தின் வரலாறு சுருக்கமானது. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரம் ஓடியது. போருக்குப் பின் இந்தியாவோடு இரண்டு மணி வித்தியாசம். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக வேண்டுமென்று 1982 ஜனவரி 1 முதல் இன்னொரு அரைமணி கூட்டினார்கள்.

பயணத்தை உண்மையாகவே நீட்டுவதும் குறுக்குவதும் காற்று. ஜூலையில் திபெத்தும் வட இந்தியாவும் சூடேற, தென்னிந்தியாவுக்கு மேலே கீழைக்காற்று பலமாக ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958இல் விவரித்த கீழைத் தாரை இது. அதன் மையம் விமானப் பாதைக்கும் மேலே, 14 கி.மீ. உயரத்துக்கு அப்பால் இருந்தாலும் விளிம்பு விமானத்தைத் தொடுகிறது. அந்தக் காற்று மணிக்கு 70 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போவதற்கும் வருவதற்கும் ஏறத்தாழ அரைமணி வித்தியாசம் வரும். கிழக்கே பறந்தால் எப்போதும் சீக்கிரம் என்ற அட்லாண்டிக் பாடம் இங்கே மழைக்காலத்தில் தலைகீழ்.

சீட்டைப் பார்க்கும்போது போகிற கணக்கில் இரண்டரை மணியைக் கழியுங்கள், வருகிற கணக்கில் கூட்டுங்கள். இரண்டுமே மூன்றரை மணியை ஒட்டித்தான் வரும்.